மனைவிக்கு மவுத்தை (மரணத்தை) கேட்டுவிட்டேன், என் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டதா?

அஸ்ஸலாமு அலைக்கும். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டுமே இன்று எடுத்துக்கொள்கிறேன். அதைப் படித்த பிறகு மற்றவற்றில் மனம் செல்லவில்லை. எழுதியவர் பெரியபட்டினத்துச் சகோதரர். சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருந்தவர், மனைவிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மருத்துவர்கள் கையை விரித்த பிறகு வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். வலியில் மனைவி துடித்த ஓர் இரவில், "யா அல்லாஹ், இவளை எடுத்துக்கொள்" என்று கேட்டுவிட்டார். மறுநாள் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்குள் மனைவி மவுத்தாகிவிட்டார். "அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. இப்போது கை ஏந்தினால் துஆ (பிரார்த்தனை) வரவில்லை. என் ஈமான் போய்விட்டதா?" என்று கேட்கிறார்.

போகவில்லை, சகோதரரே. உங்கள் துஆ அவருடைய உயிரை எடுக்கவும் இல்லை. தவணை வந்துவிட்டால் ஒரு நொடி முந்தவும் செய்யாது, பிந்தவும் செய்யாது என்று குர்ஆன் சொல்கிறது. ஒரு கணவரின் வாய்ச்சொல் அதை முன்னே இழுத்துவிடாது. துன்பத்துக்காக மரணத்தை விரும்ப வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்களே, தாங்க முடியாதவர் என்ன கேட்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார்கள்: வாழ்வு நல்லதாக இருக்கும் வரை வாழச் செய், மரணம் நல்லதாக இருந்தால் கைப்பற்றிக்கொள். அந்த இரவில் உங்கள் நாவில் வந்தது இதன் பிற்பாதிதான்.

இன்னும் இரண்டை எழுதியிருக்கிறார். கடைசி மார்ஃபின் மாத்திரையைத் தாமே கொடுத்ததையும், பஞ்சில் ஜம்ஜம் (மக்காவின் புனித நீர்) நனைத்து உதட்டில் வைத்தபோது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் நினைத்து நினைத்து வருந்துகிறார். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. உயிர் பிரியும் நாட்களில் உடல் உணவையும் நீரையும் தானே விட்டுவிடும், விழுங்கும் வலுவும் போய்விடும். முகத்தைத் திருப்பியது உங்கள் மீதான வெறுப்பால் அன்று.

நபித்தோழரும் மூன்றாம் கலீஃபாவுமான உஸ்மான் (ரலி) அவர்களைப் பற்றி நான் பலமுறை பேசியிருக்கிறேன், வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். இன்றும் சொல்லத்தான் போகிறேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ருப் போருக்குப் படை புறப்படுகிறது. உஸ்மானின் மனைவி, நபியவர்களின் மகளார் ருகையா (ரலி), நோயில் கிடக்கிறார்கள். மனைவியைப் பார்த்துக்கொள் என்று நபியவர்களே அவரை மதீனாவில் நிறுத்துகிறார்கள். பத்ரின் வெற்றிச் செய்தி ஊருக்குள் வந்தபோது ருகையாவை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வாளையும் தொடாத உஸ்மானுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். மனைவி பிழைத்தாரா என்று பார்த்துக் கொடுத்த கூலி அன்று அது, பார்த்துக்கொண்டதற்கான கூலி. பின்னொரு காலத்தில் எகிப்திலிருந்து வந்த ஒருவர், உஸ்மான் பத்ருக்குப் போகாதவர்தானே என்று குறையாகக் கேட்க, நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அவர்கள் இந்த விளக்கத்தைத்தான் சொல்லி அனுப்பினார்கள். நோயாளியின் பக்கத்தில் இருந்தவரைக் குறை சொல்ல அன்றும் ஆள் இருந்தது. சபுரை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டான் என்று உங்கள் உறவினர்கள் பேசியதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் பதில் இதுதான்.

நிம்மதி வந்ததைப் பற்றி: உங்கள் மனைவியின் வலி நின்றதைக் கண்டு வந்த நிம்மதி அது, அவர் போனதைக் கண்டு வந்ததன்று. தம் மகன் இப்ராஹீம் உயிர் பிரியும்போது நபியவர்கள் அழுதார்கள். தாங்களுமா என்று கேட்டவரிடம், இது கருணை என்றார்கள். உங்களுடைய அழுகை பிந்தி வந்தாலும் அதே கருணைதான். தொண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, கணவர் மவுத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்படியில் வெந்நீர் வைத்துவிடுவார். அது மருந்து கொடுக்கும் நேரம். வைத்த பிறகுதான் நினைவு வரும். அவருடைய ஈமானில் குறை என்று யார் சொல்வது?

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க விரும்புகிறேன்: அந்த இரவில் உங்களோடு யார் விழித்திருந்தார்கள்? நபித்தோழர் ஜஅஃபர் (ரலி) போரில் ஷஹீதான (வீரமரணமடைந்த) செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்குச் சோறு சமையுங்கள் என்றார்கள் நபியவர்கள். நம் கடற்கரை ஊர்களில் அதை விடாமல் செய்கிறோம்; மையத்து வீட்டில் அடுப்பெரிய விடுவதில்லை, கபுறு வெட்ட இளைஞர்கள் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும் வரை ஒரு சட்டி கஞ்சி போவதில்லை. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்து கொடுப்பதற்குக்கூட அந்த வீட்டில் ஆளிருக்காது. ஜமாஅத் நிர்வாகிகள் இதைப் பார்த்தால், உங்கள் மஹல்லாவில் அப்படிப் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று இந்த வாரமே கணக்கெடுங்கள். இரவில் மாற்றி இருக்க, பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணுமாக, ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

சகோதரரே, அந்த மாதங்களில் தவறிய தொழுகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மொத்தத்தையும் எண்ணிக்கொண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொரு பர்ளுடனும் (கடமையான தொழுகையுடனும்) ஒரு களாவை (தவறிய தொழுகையை) சேர்த்துத் தொழுது வாருங்கள்.