பேட்டரி மீது பழி போடும் முன்

வணக்கம் நேயர்களே. இரு சக்கர வண்டிகளின் ஒயரிங் வேலைதான் என் தொழில். ஸ்கூட்டரில் பேட்டரி ஏன் அடிக்கடி இறங்கிவிடுகிறது, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று இன்று பேசலாம்.

பூ வியாபாரம் செய்யும் ஒரு அக்கா. விடியற்காலை 4 மணிக்கு மார்க்கெட் போக வேண்டும். செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. ஹாரன் தொண்டை கட்டினாற்போல் முனகுகிறது. என்னிடம் கொண்டுவந்தார், புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். நான்கே மாதத்தில் அதே வண்டி, அதே 'டிக்'. அன்றுதான் மீட்டரை எடுத்து முறையாகப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் ஒன்று சூட்டில் உருகிக் கறுத்துப்போயிருந்தது. முதல் பேட்டரியிலும் குற்றமில்லை. அளந்து பார்க்காமல் அந்த அக்காவின் பணத்தைச் செலவழிக்க வைத்தது நான். அதன்பிறகு அளக்காமல் ஒரு பேட்டரியைக்கூட மாற்றியதில்லை.

சார்ஜ் வரும் பாதை சின்னதுதான். இன்ஜின் சுற்றும்போது மேக்னெட்டும் சேர்ந்து சுற்றும். அதனருகே இருக்கும் காயிலில் ஏசி மின்சாரம் பிறக்கும். அதை டிசியாக மாற்றி, அளவு மீறாமல் அடக்கி அனுப்புவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். கடையில் ஆர்ஆர் யூனிட் என்பார்கள். கடைசியில்தான் பேட்டரி. நடுவில் ஒயர், கப்ளர், ஃபியூஸ், எர்த். எதில் கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், பேட்டரி டவுன்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். பேனா பக்கத்தில் இருந்தால் நான் சொல்லும் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி, சாவி ஆஃப். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12-க்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி. முனைகளை எடுக்காமலே ஒருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். நிறைந்த பேட்டரி அந்த நேரத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், அது உள்ளுக்குள் பலம் இழந்துவிட்டது. அப்போது மாற்றுங்கள், தப்பில்லை.

அடுத்தது தான் பலரும் செய்யாத சோதனை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் இல்லாத வண்டி, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் பின்சக்கரம் சுற்றும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மெல்லக் கொடுத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் ஏறி நின்றால் சார்ஜ் ஒழுங்காக வருகிறது. 12.5-லேயே அசையாமல் நின்றால் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அந்த வண்டியில் பல்பு அடிக்கடி போகும், பேட்டரி பக்கவாட்டில் உப்பும், அழுகிய முட்டை வாடை வரும். அதை ஓட்ட வேண்டாம், உடனே சரிசெய்யுங்கள்.

சார்ஜ் வரவில்லை என்றால் எடுத்ததும் காயிலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஃபியூஸ். அப்புறம் பேட்டரி முனைகள். வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து, இறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அதற்குப் பிறகு கப்ளர்கள். மழைநீர் புகுந்து பச்சை பிடித்திருக்கிறதா, பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். என் கைக்கு வரும் கோளாறுகளில் பாதிக்குமேல் இங்கேதான் முடிகின்றன. வண்டி ஓடும்போது ஆர்ஆர் யூனிட்டின் வெளி ஒயரில் 14 வோல்ட்டும் பேட்டரியில் 13-ம் காட்டினால், அந்த ஒரு வோல்ட்டை நடுவழியில் ஏதோ ஒரு இணைப்பு தின்கிறது.

இவை எல்லாம் சரி என்றால்தான் காயில். அதன் கப்ளரைப் பிரித்து, மீட்டரை ஏசிக்கு மாற்றி, இன்ஜின் வேகத்தைக் கூட்டினால் வோல்ட்டும் கூடவே ஏற வேண்டும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகளில் அதே காயில்தான் ஸ்டார்ட்டரும். அதில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சார்ஜ் நன்றாக வருகிறது, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் டவுன் ஆகிறதா? அப்படியானால் எங்கோ கசிகிறது. அலாரம், கூடுதல் விளக்கு, மொபைல் சார்ஜர் என்று பிறகு மாட்டியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். 50 மில்லிஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போய்விடும். 4 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்காவது நாள் தாங்காது. மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவில் அந்த ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே சேர்த்தால் கசிவு தெரியும். அப்போது மட்டும் செல்ஃப் அழுத்திவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலும் பேட்டரி இறங்கும். உண்டியலிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிவிட்டு ஒவ்வொரு காசாகத் திரும்பப் போடுகிற கதைதான் செல்ஃப். கடைக்கு அரை கிலோமீட்டர், பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் செல்ஃப் என்றால் உண்டியல் நிறையாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முகப்பு விளக்கும் இன்ஜின் ஓடும்போதெல்லாம் எரிகிறது. நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டால் சார்ஜ் ஏறும் என்பார்கள். ஐடிலிங்கில் ஏறுவது மிகக் குறைவு. சாலையில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கிக்கர் இருந்தால் அதையே உதையுங்கள். ஆனால் 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகான ஸ்கூட்டர்களில் பெட்ரோல் பம்ப்பே பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி முழுசாக இறங்கினால் கிக்கரும் கைவிடலாம், அதுவரை விடாதீர்கள்.

வெளியே சார்ஜ் போடக் கொடுத்தால் 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் வீதம் நிதானமாக ஏற்றச் சொல்லுங்கள். கார் பேட்டரிக்கான வேகத்தில் ஏற்றினால் அன்று மாலைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் செத்துவிடும். இன்னொன்று, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி 'சார்ஜ் வருதா பார்' என்று யாராவது சோதித்தால் தடுத்துவிடுங்கள். ஆர்ஆர் யூனிட்டும் பல்புகளும் அதில்தான் போகின்றன.

அந்த அக்காவின் வண்டிக்குக் கப்ளரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன். மீட்டர் 14.2 காட்டியது. வண்டியில் இருந்த பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் ஏற்றி அதையே திரும்ப மாட்டினேன். இரண்டு வருடமாக அதுதான் ஓடுகிறது. நன்றி, வணக்கம்.