டீக்கன் அங்கி தைத்து முடித்தாச்சு! ஆனால் ஒரு வார்த்தை உறுத்துகிறது

வணக்கம்ங்க எல்லோருக்கும். காபி டம்ளர் வந்தாச்சு, பேசலாம். பின்னால் கொடியில் வெள்ளையாகத் தொங்குகிறது பாருங்கள், அதுதான் அந்த அங்கி. மூன்று வாரமாக "முடிந்ததா அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நேற்று ராத்திரி பத்தரைக்குக் கடைசிப் பொத்தானையும் வைத்துவிட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்த பையன் ஒருவன், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படிப்பை முடித்து, வருகிற வாரம் கோயம்புத்தூரில் டீக்கனாக, அதாவது ஆயர் ஆவதற்கு முந்தைய படியில், அபிஷேகம் பெறுகிறான். அவன் அரசரடிக்கு பஸ் ஏறிய அன்றைக்கே சொல்லி வைத்தேன், முதல் அங்கி என் மிஷினில்தான் என்று.

கடையில் தைத்த அங்கி 2,600 ரூபாய் சொன்னார்கள். தொட்டுப் பார்த்தால் முழுக்க பாலியஸ்டர். பாலியஸ்டர் எனக்கு ஆகவே ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். ஈரோட்டு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் இரண்டு மணி நேரம் ஆராதனை நடத்த முடியுமா? திங்கட்கிழமை ராத்திரி ஈரோடு ஜவுளிச் சந்தைக்கே போனேன். காட்டன் துணி, மீட்டர் 160. நாலரை மீட்டர் 720 ரூபாய். எட்டுக் கடை ஏறி இறங்கினேன், ஒரு கடையில் 210 சொன்னார்கள், அதே துணிதான், அதே நெசவு! வந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, காய வைத்து, தேய்த்து, அப்புறம்தான் கத்தரிக்கோல் வைத்தேன். ஊறப்போடாமல் வெட்டினால் முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

அப்புறம் காலர். அங்கியின் கழுத்துக்குள் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும் இல்லையா, அது. தனியாக வாங்கினால் ஒன்று 180 ரூபாய். மாவு வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, பக்கவாட்டில் ஒன்றேகால் இஞ்ச் அகலத்துக்கு வெட்டினேன். முதல் பட்டை கழுத்தைக் குத்தியது. இரண்டாவது நழுவியது. மூன்றாவதுக்கு ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, முனையை வளைவாக வெட்டி, அங்கிக் கழுத்தின் உள்பக்கம் ஒரு சின்ன உறை தைத்துச் செருகினேன். அசையவே இல்லை! அவன் போட்டுப் பார்த்துக் குனிந்தான், நிமிர்ந்தான், திரும்பினான். அப்படியே நின்றது. ஒரே டப்பாவில் ஆறு பட்டை வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

சரி, உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து, அளவு பார்க்க அவன் அங்கியைப் போட்டு நின்றான். சபைப் பெரியவர் ஒருவர், நான் மதிக்கிறவர், வந்து பார்த்தார். "எனக்கும் இந்த ஊழியத்தில் ஒரு பங்கு கிடைத்ததுங்க ஐயா" என்றேன், சந்தோஷத்தில். அவர் தோளைத் தட்டி, "அம்மிணி, இது ஒத்தாசை. ஊழியம்னா அவன் செய்யப் போறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

பையனிடமே கேட்டேன். அவன் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தான். விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு வந்து, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிற இடம். நம் பைபிளில் பந்தி பரிமாறுவதற்கு 'விசாரணை' என்றும், வசனம் போதிப்பதற்கு 'ஊழியம்' என்றும் போட்டிருக்கிறது. "கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்தான் அக்கா. டீக்கன் என்கிற பேரே அதிலிருந்து வந்ததுதான்" என்றான். எத்தனை வருஷம் இந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ரோமர் 16ல் கெங்கிரேயா ஊர்ப் பெபேயாளைப் பவுல் ஊழியக்காரி என்கிறார். அங்கேயும் அதே சொல்தான். அந்தப் பவுலே கூடாரம் பண்ணிப் பிழைத்தவர். கையில் தொழில் வைத்திருந்தவர்.

ஒன்றை விட்டுவிட்டேன், சந்தைக்குப் போன அன்று பன்னீர்செல்வம் பூங்காவில் இறங்கி, பிரப் ஆலயத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் மிஷன் சார்பில் வந்த மிஷனரி பிரப் ஐயர் பெயர் அது. பக்கத்துச் சாலையே ரொம்ப நாள் பிரப் ரோடுதான். அவருக்கு முன்னால், 1830ல் கோயம்புத்தூருக்கு வந்தவர் ஆடிஸ் ஐயர். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டியதுதான், நானும் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனால் எனக்கு அங்கே என் அம்மாயி ஞாபகம்தான் வந்தது.

அம்மாயி முப்பது வருஷம் நற்கருணை மேசைத் துணிகளைத் துவைத்தார். வீட்டுத் துணியோடு சேர்க்க மாட்டார். தனிப் பித்தளை அண்டா. திராட்சை ரசக் கறை பட்ட இடத்தில் மட்டும் எலுமிச்சைச் சாறு விட்டு, கட்டைவிரலால் வட்டமாகத் தேய்ப்பார், உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஜெபம்தான். கிணற்றடிக் கொடியில் காயும்போது கோழி கீழே போனால்கூட விரட்டுவார். அவர் இறந்தபோது அடக்க ஆராதனையில் 'நல்ல தாயார்' என்று சொன்னார்கள். ஊழியக்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவருக்கு உரியது. அதை நான் இந்த வீடியோவிலாவது சொல்லிவிடுகிறேன்.

பையனுடைய அழைப்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேராயர் அவன் தலையில் கை வைக்கும்போது நான் அழுவேன், எனக்கே தெரியும். டீக்கன் என்றால் ஸ்டோல், அதாவது அங்கிக்கு மேல் போடுகிற நீளப் பட்டைத் துணி, ஒரு தோளில் குறுக்காக வரும், ஆயர் ஆனபின்தான் இரண்டு தோளிலும். அந்த ஒரு தோளுக்காகவே தையலைக் கொஞ்சம் தட்டையாக அடித்திருக்கிறேன், ஸ்டோல் மேடாகத் தெரியக் கூடாது என்று.

போன வாரம் ஞாயிறு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பொம்பளைப் பிள்ளைக்கும் அங்கி தைப்பீங்களா டீச்சர்" என்றாள். 2013ல் நந்தியால் பேராயத்தில் புஷ்பா லலிதா அம்மா பேராயராகவே ஆனார், நம் தென்னிந்தியத் திருச்சபையில்தான் கண்ணு என்றேன். உடனே என் அளவு நாடாவை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள்.

துணி முக்கால் மீட்டர் மீதி இருக்கிறது. நற்கருணைப் பாத்திரம் மூட ஒரு துணி வெட்டப் போகிறேன், ஓரம் முழுக்கக் கையால் மடித்து. சனிக்கிழமை வீடியோவில் காட்டுகிறேன். அம்மாயியின் அண்டாவும் பரண் மேல் இருக்கிறது, இறக்க வேண்டும்.