செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் இளவேனிலின் அறிகுறிகள்

[காட்சி: பின்கட்டுக் கதவு திறக்கிறது. கிணற்றடியைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும் வேப்பிலைகள்.]

மாசி மாதத்தில் காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு வீட்டின் பின்கட்டுக் கதவைத் திறந்தால், கிணற்றடி முழுவதும் பழுத்த வேப்பிலைகள் பரவிக் கிடப்பதைக் காணலாம். காலையில் கூட்டி அள்ளிய இடம் மாலைக்குள் மறுபடியும் நிறைந்துவிடும். மரத்துக்கு நோய் கண்டுவிட்டதோ, தண்ணீர் போதவில்லையோ என்று பலரும் கவலைப்படுவது இந்த நாட்களில்தான். ஆனால் செட்டிநாட்டில் இளவேனில் நெருங்குவதற்கான ஓர் அறிகுறிதான் இந்த இலையுதிர்வு.

நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. ஆகவே இந்தக் காணொளியில் நாம் பார்க்கப்போகும் அறிகுறிகளில் பெரும்பாலானவை, இளவேனில் பிறப்பதற்கு முன்பே, பின்பனியிலேயே தோட்டத்தில் தென்படத் தொடங்கிவிடுகின்றன.

[காட்சி: வேப்பங்கிளையின் நுனியில் செம்பழுப்பு நிறத் தளிர், மிக அருகில்.]

குளிர்நாடுகளில் பனி உருகி மண் வெதுவெதுப்பான பிறகு மரங்கள் துளிர்க்கின்றன. இங்கே நடப்பது வேறு. மழை நின்று மாதங்கள் கடந்து, மேல்மண் முற்றிலும் காய்ந்து, வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் வேம்பும் புங்கும் புத்திலை விடுகின்றன. தண்ணீர் இல்லாத காலத்தில் தளிருக்கான ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த வடகிழக்குப் பருவமழையின் ஒரு பகுதி ஆழத்தில் இறங்கித் தங்கியிருக்கிறது. அதை எட்டும் அளவுக்கு நீண்ட வேர்கள் இம்மரங்களுக்கு உண்டு. முதிர்ந்த இலைகள் இருக்கும் வரை, வேர் இழுக்கும் நீர் அவற்றின் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. அந்த இலைகளை உதிர்த்தவுடன் இழப்பு குறைந்து, நீர் தண்டிலும் கிளையிலும் நிரம்புகிறது. அந்த ஈரத்தின் வலுவில்தான் மொட்டுகள் விரிகின்றன. சித்திரையில் நாம் காணும் பசுமை கார்த்திகை மழையின் பசுமை என்பதை அறிந்த பிறகு, அந்த மரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

ஆகவே உதிர்ந்த இலைகளைக் குவித்துக் கொளுத்த வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அவற்றை வாழையடியிலும் எலுமிச்சையைச் சுற்றியும், தண்டில் படாமல் சற்றுத் தள்ளி, மூடாக்காகப் பரப்பினால், ஊற்றிய நீரை விரைவில் வடித்துவிடும் நம் செம்மண்ணில் ஈரம் கூடுதல் நாட்கள் நிற்கும்.

[காட்சி: மாம்பூங்கொத்துகள். அவற்றின் மேல் அமரும் சிறு ஈக்கள்.]

மாமரம் வேம்பை முந்திக்கொண்டு தை மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் அவற்றுள் பல ஆண் பூக்கள். எஞ்சிய இருபால் பூக்களிலும் மிகச் சிலவே பிஞ்சாக நிலைக்கின்றன. ஆதலால் மாசியில் தரையெங்கும் பூ கொட்டிக் கிடப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, கொத்தைத் தட்டினால் ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் துள்ளிப் பறக்கின்றனவா, இலைகள் பிசுபிசுப்பாக இருக்கின்றனவா என்பதைத்தான். அவை பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியின் அடையாளங்கள். பூத்திருக்கும் மரத்தில் கண்டபடி மருந்தடித்தால், மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்தே மடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

முருங்கையும் இந்தக் காலத்தில்தான் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நீர் மிகுந்தாலும், அடியோடு வறண்டாலும் அது பூவை உதிர்த்துவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

[காட்சி: பழைய காரைச் சுவரின் விரிசல். அதிலிருந்து நீளும் சிறு மெழுகுக் குழாய்.]

பழைய செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு தனிப் பேறு உண்டு. சுவரின் இடுக்கில், மரப்பிசினும் மெழுகும் கலந்து கட்டிய ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதனுள் கொசுத்தேனீக்கள் குடியிருக்கின்றன. இவற்றுக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. முருங்கையும் வேம்பும் பூக்கும் நாட்களில் அந்தக் குழாயின் வாயில் போக்குவரத்து மிகுவதை நின்று பார்க்கலாம். வீட்டைப் பழுது பார்க்கும்போது அந்த விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடாமல் விட்டுவைப்பது, தோட்டத்துக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக இருக்கும்.

[காட்சி: கறிவேப்பிலைத் தளிரில் ஒரு முட்டை. பிறகு ஒரு புழு.]

கறிவேப்பிலை துளிர்த்தவுடன் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தேடி வந்து, தளிரின் மேல் ஒவ்வொன்றாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு இளமையில் பறவை எச்சம் போலவே தோன்றும். வளர்ந்தபின் இலைப்பச்சையாக மாறும். சிறு கன்றாக இருந்தால் புழுவை எடுத்து வேறு பெரிய செடியில் விடலாம். வளர்ந்த செடி அந்தச் சில இலைகளின் இழப்பைத் தாங்கிக்கொள்ளும்.

காகம் சுள்ளி தூக்கத் தொடங்குவதும் குயில் விடியலில் கூவுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே நிகழும், ஏனெனில் குயில் முட்டையிடுவது காகத்தின் கூட்டில்தான். கூவுவது கரிய ஆண் குயில்; உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறப் பறவை தென்பட்டால், அது பெண் குயில்.

பங்குனியில், காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டி முளைப்பாரி வளரும் அதே நாட்களில், மல்லிகையும் அரும்பெடுக்கும். கார்த்திகையில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடிதான் இப்போது நிறையப் பூக்கும், ஏனெனில் மல்லிகை புதிய கிளைகளில்தான் அரும்பு விடுகிறது.

[காட்சி: வேப்பமரத்தடியில் விரித்த வெள்ளை வேட்டி. அதன் மேல் உதிர்ந்த பூக்கள்.]

பங்குனி இறுதியில் வேம்பு பூத்துவிடும். விடியற்காலையில் மரத்தடியில் சுத்தமான வேட்டியை விரித்து வைத்தால், மண் படாத பூவைச் சேர்க்கலாம். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு எடுத்தது போக மீதியை நிழலில் உலர்த்தி வைத்தால், ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும்.

[காட்சி: நண்பகல். முற்றத்தில் தொட்டிச் செடிகள்; நிழல் ஏறக்குறைய இல்லை.]

காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் (அட்சரேகையில்) இருப்பதால், ஏப்ரல் மாத நடுவில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மார்கழியில் சுவர் நிழலில் இருந்த முற்றத்துத் தொட்டிகள் இப்போது நேர் வெயிலில் நிற்கும். அவற்றைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு நகர்த்தி, காலையில் ஒரு முறையும், மண் காய்ந்திருந்தால் மாலையில் மறுமுறையும் நீர் ஊற்றுங்கள். மரங்களுக்கு நாள்தோறும் சிறிது ஊற்றுவதைவிட, கிளைகள் பரவிய எல்லைக்குக் கீழே வட்டமாகப் பாத்தி கட்டி, வாரம் ஒரு முறை ஆழ நனைய ஊற்றுவது நல்லது. மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் பிறந்துவிடும். ஆகவே புதிய மரக்கன்று நட விரும்புபவர்கள் இப்போது குழி வெட்டி ஆறப்போட்டுவிட்டு, நடுவதை மழைக்காலத்துக்குத் தள்ளிவையுங்கள்.