பிராகிலிருந்து புறப்பட்ட குழந்தைகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அயல்நாட்டுக்குப் போய் அகதிக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் பலரைச் சந்திக்கிறேன். எத்தனை வாரம் விடுப்பு எடுத்தால் போதும் என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்கு விடையாக, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக் நகரில் நடந்த ஒரு பணியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1938 செப்டம்பர் இறுதியில் கையெழுத்தான மியூனிக் உடன்படிக்கையால் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப்பகுதியான சுடெட்டன்லாந்து ஹிட்லரின் கைக்குப் போனது. அங்கிருந்து தப்பிய யூதர்களும், நாஜிகளை எதிர்த்த ஜெர்மானியர்களும் பிராகைச் சுற்றியிருந்த முகாம்களில் கடுங்குளிரில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு உதவ அக்டோபரிலேயே லண்டனிலிருந்து வந்து சேர்ந்தவர் டோரீன் வாரினர் என்ற பொருளியல் ஆசிரியை. உடனடியாகக் கைதாகக்கூடிய அரசியல் எதிர்ப்பாளர்களை நாட்டைவிட்டு வெளியேற்றுவதிலேயே அவருடைய நேரம் முழுவதும் கரைந்ததால், குழந்தைகளுக்கெனத் தனியாக எதுவும் செய்ய முடியாத நிலை இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா குழந்தைகளைப் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்ல அப்போது தொடங்கியிருந்த ஏற்பாட்டிலும் செக்கோஸ்லோவாக்கியா சேர்க்கப்படவில்லை.

அந்த டிசம்பரில், பனிச்சறுக்கு விடுமுறைக்காக சுவிட்சர்லாந்து செல்லவிருந்த நிக்கோலஸ் விண்டன் என்ற 29 வயதுப் பங்குத் தரகர், பள்ளி ஆசிரியரான தம் நண்பர் மார்ட்டின் பிளேக் அழைத்ததால் பிராகுக்கு வந்தார். அவர் தங்கியிருந்த விடுதிக்குப் பெற்றோர்கள் வந்து, தாங்கள் போக முடியாவிட்டாலும் பிள்ளையையாவது அனுப்பிவிடுங்கள் என்று மன்றாடினார்கள். அவர் பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று வாரங்களில் விடுப்பு முடிந்து லண்டன் திரும்பிவிட்டார்.

அவருடைய உண்மையான தொண்டு அதன்பிறகுதான் தொடங்கியது என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ப்புக் குடும்பம் ஒன்றைக் காட்ட வேண்டும், பிற்காலத்தில் திருப்பி அனுப்பும் செலவுக்காக 50 பவுண்டு உத்தரவாதமும் தர வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசின் நிபந்தனை. அன்றைக்கு அது பெரிய தொகை. பகலில் பங்குச் சந்தை வேலை, மாலையில் தம் தாயோடும் சில தொண்டர்களோடும் கடிதம் எழுதுவது, பணம் திரட்டுவது, விசாவுக்கு விண்ணப்பிப்பது என்று மாதக்கணக்கில் உழைத்தார். குழந்தைகளின் படங்களை அட்டைகளில் அச்சிட்டு, குடும்பங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி அனுப்பினார். படத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேர்வு செய்வதா என்று இன்று கேட்டால் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் காலம் அவருக்கு வேறு வழி விட்டுவைக்கவில்லை.

லண்டனில் இவ்வளவு நடந்தாலும், பிராகில் ஆள் இல்லையென்றால் ஒரு குழந்தைகூட ரயிலேறியிருக்க முடியாது. அந்தப் பொறுப்பை ஏற்றவர் டிரெவர் சாட்விக். இங்கிலாந்தின் ஸ்வானேஜ் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், தங்கள் பள்ளிக்காக இரண்டு சிறுவர்களை அழைத்துப்போக வந்தவர். முகாம்களின் நிலையைக் கண்டபின் திரும்பி வந்து அங்கேயே தங்கினார். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்த பிறகும் அவர் ஜூன் வரை அங்கிருந்து பணியாற்றினார். லண்டனிலிருந்து வர வேண்டிய ஆவணங்கள் தாமதமானபோது போலி ஆவணங்களைத் தயாரிக்கச் செய்து குழந்தைகளை ஏற்றி அனுப்பினார். இவர்களோடு தோள்கொடுத்த செக் யூத சமூகப் பணியாளர் மரீ ஷ்மோல்கா, படை நுழைந்ததும் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவால் கைது செய்யப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் புறப்பட்டுப் போகலாம், உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதை இது காட்டுகிறது.

பிரிட்டன் சேர்ந்த குழந்தைகள் 669 பேர். 1939 செப்டம்பர் 1 அன்று புறப்படவிருந்த கடைசி ரயிலில் சுமார் 250 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று போர் மூண்டதால் ரயில் கிளம்பவில்லை. அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. பிரிட்டிஷ் உள்துறை அலுவலகத்தில் தேங்கிய ஒவ்வொரு விசா விண்ணப்பத்தையும் இதோடு சேர்த்தே நான் நினைக்கிறேன்.

ஆகவே என்னிடம் வரும் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான்: மூன்று வாரம் போய்வருவது தவறில்லை, ஆனால் நீங்கள் திரும்பியபின் அந்தக் குழந்தைக்காக இங்கிருந்து என்ன செய்யப்போகிறீர்கள், அங்கே யார் தொடர்ந்து இருக்கப்போகிறார்கள் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துகொண்டு பயணச்சீட்டு வாங்குங்கள். 1988-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியே விண்டனின் பணி உலகுக்குத் தெரியவந்து, அவருக்குப் பட்டங்களும் பாராட்டுகளும் குவிந்தன. அப்போதும் அவர், ஆபத்தின் நடுவே பிராகில் நின்று வேலை செய்த சாட்விக்குக்கும் வாரினருக்குமே அதிகப் பெருமை சேர வேண்டும் என்று சொல்லிவந்தார். சாட்விக்குக்கு ஸ்வானேஜில் சிலை எழுந்தது 2022-இல்தான்.