குக்கரை விட 30 மடங்கு பிரஷர், கியரே கிடையாது: ஸ்டான்லி நீராவிக் காரை ஓட்டுறது எப்படி?

1906 ஜனவரி. அமெரிக்காவுல ஃபுளோரிடா கடற்கரை மணல்ல ஒரு கார் மணிக்கு 205 கிலோமீட்டர் வேகத்துல சீறுது. ஓட்டினவர் ஃப்ரெட் மேரியட். பெட்ரோல் இன்ஜின் இல்லீங்க, நீராவி! செஞ்சது மாசசூசெட்ஸ் ஸ்டான்லி சகோதரர்கள், இரட்டையர்கள். கம்பெனி 1924-ல மூடியாச்சு. வரலாறு அவ்வளவுதான், பானட்டைத் திறப்போம்.

உள்ளே இன்ஜின் இருக்காது, அது பின் அச்சுல இருக்கு. இங்கே இருக்கிறது பாய்லர். உங்க வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது சுமார் 15 பிஎஸ்ஐ-ல (பிரஷரை அளக்குற அலகு). இதுல 500, 600! அப்போ வெடிக்காதா? பாய்லர் உருளையைச் சுத்திப் பியானோ கம்பியை இடைவெளி விடாம அடுக்கடுக்கா சுத்தியிருப்பாங்க. உள்ளே நூத்துக்கணக்குல மெல்லிய குழாய்கள். தண்ணி வத்திப்போனா பெரும்பாலும் குழாய் மூட்டுதான் கசியும், அந்தக் கசிவே கீழே இருக்கிற அடுப்பை அணைச்சிடும். உயிர் தப்பிச்சிடும், பர்ஸ் தப்பாது.

கிளம்ப அரை மணி நேரம் ஆகும். முதல்ல தண்ணி மட்டம். அப்புறம் ப்ளோ டார்ச்சால பைலட்டை, அதாவது மெயின் பர்னரைப் பத்த வைக்கிற குட்டி பர்னரை, சூடாக்கிப் பத்த வைங்க. எரிபொருள் ஆவியாகிற அளவுக்குச் சூடேறினப்புறம்தான் மெயின் பர்னர். அவசரப்பட்டா அது திரவமாவே உள்ளே இறங்கி, காருக்கு அடியில தீ!

பிரஷர் ஏறியாச்சா? உடனே த்ராட்டிலை, அதாவது இன்ஜினுக்கு நீராவியைத் திறந்துவிடுற லீவரை, இழுக்காதீங்க, ப்ளீஸ். இன்ஜின் சிலிண்டர் ஜில்லுன்னு இருக்கு. உள்ளே போற நீராவி தண்ணியாயிடும். தண்ணியை அமுக்க முடியாது, பிஸ்டன் மோதினா ராடு வளையும். லீவரை ஒரு மயிரிழை திறந்து ரெண்டடி முன்னாடி, ரிவர்ஸ் பெடலை மிதிச்சு ரெண்டடி பின்னாடி. எக்ஸாஸ்ட் தண்ணி துப்புறதை நிறுத்துற வரைக்கும் இப்படியே ஆட்டுங்க. அதுக்கப்புறம் கிளட்ச், கியர் எதுவும் வேண்டாம். வெண்ணெய் மாதிரி நகரும்.

மைலேஜ்? எரிபொருளை விடுங்க, தண்ணிக்குக் கேளுங்க! பழைய மாடல் கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டருக்கு மேல குடிக்கும். அந்தக் காலத்துல வழியில குதிரைத் தொட்டிகள்ல குழாயை விட்டு உறிஞ்சிக்குவாங்க. 1914-ல கோமாரி நோய் பரவி அந்தத் தொட்டிகளை மூடினாங்க, காரும் தவிச்சுது. 1915-லேர்ந்து, நீராவியைத் திரும்பத் தண்ணியாக்குற கண்டென்சர் வந்துது. ஆனா தண்ணியோட சிலிண்டர் எண்ணெயும் பாய்லருக்குத் திரும்பும். அது படிஞ்சா குழாய் கருகும்.

அதனால கண்டென்சர் மாடல் வாங்கப் போனா, தண்ணித் தொட்டிக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு தடிமனா ஒட்டுதா? விலையைக் குறைச்சுக் கேளுங்க.