அதிருமலையில் ஓர் இரவு

நேயர்களே, வணக்கம்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலைதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக் கிடக்கும். தை பிறந்ததும் ஒரு நாள் காலையில் பளிச்சென்று தெரியும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் இருந்து கேட்கிற உங்களுக்கும் அதே மலைதான். தினமும் பார்க்கிறோம், பொதிகை என்று கும்பிடுகிறோம், ஆனால் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. நான் நான்கு தடவை ஏறியிருக்கிறேன். இன்று பேசப்போவது உச்சியைப் பற்றி அல்ல. உச்சிக்குக் கீழே, அதிருமலை முகாமில், ஒரு தகரக் கொட்டகையில் தங்கிய இரவைப் பற்றி.

வழியைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா காலத்தில் பாபநாசத்தில் இருந்தே போனார்கள். காரையாறு அணையில் படகேறி, பாணதீர்த்தத்தில் இறங்கி, இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம் என்று காட்டுக்குள் நடை. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் தலைச்சுமை. அந்த வழி இப்போது கிடையாது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்காடு. 1988ல் ஏற்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வழியை அடைத்தது சரிதான் என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆகவே கண்ணெதிரே இருக்கிற மலைக்கு நாம் நாகர்கோவில் சுற்றி, திருவனந்தபுரம் போய், விதுரா தாண்டி, போணக்காடு தேயிலைத் தோட்டத்தில் இருந்து மறுபக்கமாக ஏற வேண்டியிருக்கிறது. கேரள வனத்துறை அனுமதி தர வேண்டும். பொங்கலை ஒட்டித் தொடங்கி ஏறக்குறைய சிவராத்திரி வரைக்கும்தான். 2019 முதல் பெண்களும் போகிறார்கள். போணக்காட்டில் இருந்து அதிருமலை 14, 15 கிலோமீட்டர். வழியில் சிற்றாறுகளைக் கடக்கிறோம், அதில் ஒன்றுக்கு அட்டையாறு என்றே பெயர். கடைசி ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் என்று பெயர். பெயரே போதும், நான் விளக்க வேண்டாம்.

நான் சொல்லப்போகிற தடவை என்னோடு வந்தவர்களில் ஒருவர் விவசாயி. தாமிரபரணியில் இருந்து பிரிகிற கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். என்னை விடப் பதினைந்து வயது இளையவர். பிசான நெல் கதிர் வாங்கி நிற்கிற நேரம் அது. வயலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். வழியெல்லாம் அவருக்கு வயல் நினைப்புதான்.

கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது மாலை. சுற்றிலும் யானை வராமல் இருக்க அகழி வெட்டியிருக்கிறார்கள். தகரக் கூரை, தரையில் பாய், அவ்வளவுதான். கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். பத்து மணிநேரம் நடந்த உடம்புக்கு அந்தக் கஞ்சி எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். எதிரே உச்சிப்பாறை கறுப்பாக நிற்கிறது, ஏழு மணிக்கெல்லாம் அதுவும் மறைந்துவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. குளிர் ஒரு பக்கம், கால் வலி ஒரு பக்கம். எல்லோரும் அடங்கினதும் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம். பகலில் பேச்சும் நடமாட்டமுமாக இருந்ததில் அது காதில் விழவில்லை. பக்கத்துப் பாயில் இருந்து அந்த விவசாயி மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, முழிச்சிருக்கியளா? இந்தத் தண்ணி நம்ம பக்கம்தான வருது?"

எனக்குச் சொல்லவே மனம் வரவில்லை. நாங்கள் படுத்திருந்தது மேற்குச் சரிவு. அந்தத் தண்ணீர் கரமனையாற்றுக்குப் போகிறது. திருவனந்தபுரம் வழியாக அரபிக்கடலுக்கு. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய? இவ்வளவு தூரம் ஏறி வந்து, நம்ம தண்ணி சத்தம் இல்லையா இது?"

அப்போது மூலையில் படுத்திருந்த வழிகாட்டி, காணி இனத்துப் பெரியவர், போர்வையை விலக்காமலே பதில் சொன்னார். பாதி மலையாளம், பாதி தமிழ். மழை ஒன்றுதான், விழுகிற இடம்தான் வேறு என்றார். நம்மவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "ஆமா, ஓட்டு வீட்டு முகடு மாதிரி. இங்கிட்டு வழிஞ்சா கரமனை, அங்கிட்டு வழிஞ்சா கன்னடியன்" என்றார். அப்புறம்தான் படுத்தார்.

நேயர்களே, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நீர்ப்பிடிப்பு என்று பாடம் நடத்தியவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை. ஓட்டு வீட்டு முகடு. அந்த முகட்டின் கிழக்குப் பக்கம் வழிகிற நீர்தான் பூங்குளம், பாணதீர்த்தம், காரையாறு என்று இறங்கி, தாமிரபரணியாக நம் வயலெல்லாம் நனைத்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இதைத்தான் நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன். ஓட்டில் விழுந்த மழை அப்போதே வழிந்துவிடும். மலையில் விழுந்த மழை அப்படி ஓடுவதில்லை. மறுநாள் காலையில் சோலைக்குள் நடக்கும்போது அந்தப் பெரியவர் எங்களை நிறுத்தி, தரையில் கிடந்த சருகைக் கையால் விலக்கிக் காட்டினார். மேலே காய்ந்த சருகு. அதன் கீழே கறுத்து மட்கிய சருகு. அதற்கும் கீழே வேரும் மண்ணும் பின்னிக் கிடக்கிறது. ஒரு பிடி அள்ளி நம்ம விவசாயி கையில் வைத்து, பிழி என்றார். பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. நாங்கள் போய் ஏறின நாளில் மழை இல்லை, அதற்கு முந்தின வாரமும் மழை இல்லை. அது எப்போது பெய்த மழையோ!

நாம் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் அணை நீர்மட்டம் பார்க்கிறோம். பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி. பாபநாசம் 143 அடி நிறைந்தால் ஊரே சந்தோஷப்படுகிறது. சரி, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் மேலே இன்னொரு அணை இருக்கிறது, சருகும் வேரும் புல்லுமாக. அதன் மட்டத்தை எந்தச் செய்தித்தாளும் போடுவதில்லை. மழை நின்று பல வாரம் கழித்தும் ஓடையில் தண்ணீர் வருகிறதே, அது அங்கே இருந்து கசிகிற தண்ணீர். திரும்பவும் சொல்கிறேன், கசிகிற தண்ணீர். ஆயிரம் பேர் மிதித்து நடந்தால் அந்தச் சருகு இறுகிப் பாதையாகிவிடும், பாதையில் விழுந்த மழை ஓட்டில் விழுந்த மழை மாதிரி ஓடிவிடும். நம் பக்கத்து வழியை அடைத்தது சரி என்று முன்னே சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

உச்சிக்கு இன்னும் 6 கிலோமீட்டர். கடைசியில் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். 1868 மீட்டர். அகத்தியர் சிலை இருக்கிறது, காற்று ஆளைத் தள்ளுகிறது. கும்பிட்டு முடித்ததும் நம்மவர் கிழக்குப் பார்த்து நின்றுவிட்டார். கீழே எல்லாம் மேகம், ஒன்றும் தெரியவில்லை. கூப்பிடக் கூப்பிட அரைமணி நேரம் அங்கேயே நின்றார்.

நிலையத்தில் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். அனுமதி கையில் இல்லாமல் போணக்காடு வரை போகாதீர்கள். சுமை குறைவாக இருக்கட்டும். நல்ல போர்வை ஒன்று கட்டாயம். அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் வழுக்குகிற செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். பிளாஸ்டிக் எதுவும் கொண்டு போகக் கூடாது. முழங்கால் ஏறும்போது வலிப்பதை விட இறங்கும்போதுதான் வலிக்கும், அதனால் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் சுவர் ஓரத்துப் பாயைப் பிடியுங்கள், அங்கேதான் தண்ணீர்ச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

வணக்கம்.