சைக்கிள் சீட்டு ஒருவழியாக ஏறிவிட்டது!

வணக்கம் மக்களே. இன்று சமையல் இல்லை, சைக்கிள்தான். போன மாதம் 4,500 ரூபாய்க்குப் பழைய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கிக் காட்டினேனே, அதன் சீட்டு துருப்பிடித்து அடியிலேயே நின்றுவிட்டது. மிதித்தால் முழங்கால் வயிறு வரை வரும், முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்று குத்தும். மூன்று நாள் தேங்காய் எண்ணெய் விட்டேன், அசையவே இல்லை. இன்று காலை தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். ஏறிவிட்டது! ஐம்பது ரூபாய்தான் வாங்கினார்.

பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும். சீட்டு தாழ்ந்தால் முட்டி அதிகமாக மடங்கி, சில்லின் மேல் அழுத்தம் கூடும். என் மாதிரி மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஜிம்மில் முதல் நாளே என்னை முழுதாகக் குந்தி எழச் சொன்னார்கள். வலித்தால்தான் பலனாம்! அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்குதான் என் கணக்கு: செய்யும்போது லேசான வலி பரவாயில்லை, மறுநாள் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

“நடந்தால் இன்னும் தேயும், ஓய்வெடுங்க அக்கா” என்று எழுதுகிறீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்குச் சத்து நன்றாகப் போய்ச் சேரும். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றி, மூட்டுக்குத் தாங்கல் இல்லாமல் போகும்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். நான் நேராக சைக்கிளில் ஏறவில்லை. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து நொடி கீழே அழுத்த வேண்டும். அப்படிப் பத்து முறை. ஆறு வாரம் அதுவும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும்தான். அதற்கப்புறம்தான் சைக்கிள், அதுவும் முதலில் ஐந்தே நிமிடம்.

நேற்று துணி காயப்போட மாடிக்கு நானே போனேன், நடுவில் நிற்காமல்! ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடியை விடவில்லை.

சரி, இங்கே பாருங்கள், சீட்டுக் கம்பியில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். வீட்டில் யார் ஓட்டிவிட்டு இறக்கினாலும் என் உயரம் எனக்குத் தெரியும்.